எழுத்துக்களை எண்ணிய பேரறிஞர் அல்-கிந்தீ

வெள்ளிக்கிழமைதோறும் சூரத்துல் கஹ்ஃபு ஓதும் வழக்கமுள்ள வீடுகளில் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். பல அச்சுப் பிரதிகளில் அந்தச் சூராவின் பத்தொன்பதாவது ஆயத்தில் ஒரேயொரு சொல் மட்டும் தடித்த எழுத்திலோ சிவப்பு மையிலோ அச்சாகியிருக்கும். 'வல்யதலத்தஃப்' என்பது அந்தச் சொல். ஓதக் கற்கும் பிள்ளை ஏன் என்று கேட்டால், குர்ஆன் ஷரீஃபின் சரிபாதி இங்கேதான் என்று உம்மாமார்கள் சொல்லிக் கொடுப்பார்கள். ஜுஸ்வுக் கணக்கில் பாதி அல்ல. எழுத்துக் கணக்கில் பாதி.

அப்படியானால் யாரோ உட்கார்ந்து, அலிஃப் முதல் யே வரை ஒவ்வோர் எழுத்தாக எண்ணியிருக்க வேண்டும் அல்லவா? ஆம், எண்ணினார்கள். கொடுமைக்குப் பெயர் போன ஈராக் ஆளுநர் ஹஜ்ஜாஜ் இப்னு யூஸுஃப் (இறப்பு கி.பி. 714) காரீகளைக் கூட்டி இப்பணியை ஒப்படைத்தார் என்று வரலாறு கூறுகிறது. நடு எழுத்து இச்சொல்லின் எந்த எழுத்து என்பதில் கருத்து வேறுபாடு இருந்தாலும், இறைவேதத்தில் ஓர் எழுத்தும் கூடாமல் குறையாமல் காக்க வேண்டும் என்ற கவலை எண்ணியவர்களுக்கு இருந்தது.

அந்த ஆயத்தின் சந்தர்ப்பத்தையும் நினைத்துப் பாருங்கள். குகைத் தோழர்கள் தம்மில் ஒருவரை வெள்ளிக் காசுடன் உணவு வாங்க நகருக்கு அனுப்புகிறார்கள். பக்குவமாக நடந்துகொள்ள வேண்டும், தங்களைப் பற்றி ஒருவரும் அறிந்துவிடக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறார்கள். எழுத்தை எண்ணிக் கண்ட நடுச்சொல், இரகசியம் காக்கச் சொல்லும் இடத்தில் அமைந்திருக்கிறது. எழுத்தை எண்ணுவதும் இரகசியமும் வேறொரு விதத்தில் ஒன்றுசேர்ந்த ஒரு வாழ்க்கையைப் பற்றியே இங்கே எழுதப் போகிறோம்.

அபூ யூஸுஃப் யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல்-கிந்தீ ஹிஜ்ரி 185 (கி.பி. 801) வாக்கில் பிறந்தார். தந்தை இஸ்ஹாக் இப்னு அஸ்-ஸப்பாஹ், அப்பாஸிய கலீஃபாக்களின் கீழ் கூஃபா நகரின் ஆளுநராக இருந்தவர். கிந்தா என்பது தென் அரபகத்தின் பழைய அரச குலம். அக்குலத்தாருடன் அண்ணல் நபி (ஸல்) அவர்களைக் காண வந்த அஷ்அஸ் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் வழியில் வந்தவர் நம் அறிஞர். அக்காலத்தில் கிரேக்கக் கலைகளில் ஈடுபட்டவர்கள் பெரும்பாலும் சிரியாக் கிறிஸ்தவர்களாகவோ பாரசீகர்களாகவோ இருந்தார்கள். அவர்களிடையே அசல் அரபுக் குலத்தவராக இவர் தோன்றியதால், 'அரபிகளின் தத்துவஞானி' என்ற பட்டம் இவருக்கே நிலைத்துவிட்டது.

பக்தாத் நகரம் அன்று உலகின் அறிவுச் சந்தையாகத் திகழ்ந்தது. கலீஃபா மஃமூன் (ஆட்சி 813 - 833) காலத்தில் கிரேக்க, பாரசீக, இந்திய நூல்கள் ஒட்டகச் சுமையாக வந்து இறங்கின. அல்-கிந்தீயைச் சுற்றி மொழிபெயர்ப்பாளர் குழு ஒன்று இயங்கியது. அவர்கள் மொழிபெயர்ப்பார்கள், இவர் திருத்துவார், விளங்காததை விளக்குவார். அடுத்த கலீஃபா முஃதஸிம் (833 - 842) தம் மகன் அஹ்மதுக்கு இவரையே ஆசிரியராக அமர்த்தினார். இவருடைய பெயர் பெற்ற தத்துவ நூல் முஃதஸிமுக்கே காணிக்கையாக்கப்பட்டது. உண்மை எந்தச் சமுதாயத்தாரிடமிருந்து வந்தாலும், அவர்கள் எவ்வளவு தொலைவில் உள்ளவர்களானாலும், அதை ஏற்க வெட்கப்படலாகாது என்பது அந்நூலில் அவர் நிலைநாட்டிய கருத்து.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இதே மஃமூன், முஃதஸிம் காலத்தில்தான் குர்ஆன் படைக்கப்பட்டதா என்ற பிரச்சினையில் உலமாக்கள் சோதனைக்கு ஆளானார்கள். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் சாட்டையடி பட்டது முஃதஸிமின் ஆணையால்தான். அந்த அரசவையின் நிழலில்தான் அல்-கிந்தீ வாழ்ந்தார். அவருடைய கருத்துக்கள் சிலவும் முஃதஸிலாக்களுடையவற்றுக்கு நெருக்கமானவை. ஆயினும் கிரேக்க ஞானத்தில் மூழ்கியவர் மார்க்கத்தைக் கைவிட்டார் என்று சொல்ல இயலாது. உலகம் தொடக்கமற்றது என்ற கிரேக்கர் கொள்கையை அவர் மறுத்து, அல்லாஹ்வால் படைக்கப்பட்டது என்றே வாதாடினார். நபிமார்களின் அறிவு ஆண்டுக்கணக்கில் கற்று வருவதன்று, இறைவன் நாடியபோது நேரே அருளப்படுவது. ஆகவே அது தத்துவ அறிவினும் மேலானது என்று எழுதினார். அதற்குச் சான்றாக அவர் எடுத்துக்கொண்டது நம் வீடுகளில் அனுதினமும் ஓதப்படும் யாஸீன் சூராவின் கடைசிப் பகுதியை. மக்கிப்போன எலும்புகளுக்கு உயிர் கொடுப்பவன் யார் என்ற கேள்விக்கு அங்கே வரும் விடையை வரிவரியாக விளக்கி, இத்தனை சுருக்கத்திலும் தெளிவிலும் எந்தத் தத்துவஞானியாலும் பதில் தர இயலாது என்று காட்டினார்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். அல்-கிந்தீயின் நூல்கள் என்று இப்னு அந்-நதீம் தமது ஃபிஹ்ரிஸ்த்தில் (கி.பி. 987) ஏறத்தாழ 260 பெயர்களைப் பட்டியலிடுகிறார். கணிதம், வானியல், மருத்துவம், இசை, ஒளியியல், வாள் செய்யும் இரும்பு, அத்தர் வடித்தல் என்று அவர் தொடாத துறை குறைவு. அவற்றுள் சில ஏடுகளே கொண்ட சிறு நூல் ஒன்று, மறைத்து எழுதப்பட்டதை வெளிக்கொணரும் முறை பற்றியது. அரபியில் மறைவெழுத்தை 'முஅம்மா' என்பார்கள். குருடாக்கப்பட்டது என்பது அதன் பொருள். இத்துறையில் உலகில் நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் மிகப் பழமையானது இதுவே.

இதற்கு முன்பே முயன்றவர் ஒருவர் உண்டு. பஸ்ராவின் மாபெரும் இலக்கண மேதை கலீல் இப்னு அஹ்மத் (இறப்பு 786 வாக்கில்), அரபு யாப்பிலக்கணத்தை வகுத்தவர், முஅம்மா பற்றி ஒரு நூல் எழுதியதாகத் தெரிகிறது. அது நமக்குக் கிட்டவில்லை. ரோமச் சக்கரவர்த்தி அனுப்பிய கிரேக்க மறைவெழுத்துக் கடிதம் ஒன்றை அவர் ஒரு மாதம் சிந்தித்துப் படித்துவிட்டார் என்று ஒரு செய்தி உண்டு. எப்படி முடிந்தது என்று கேட்டதற்கு, கடிதம் இறைவன் பெயரால் தொடங்கியிருக்கும் என்று ஊகித்தேன், முதல் எழுத்துக்கள் பிடிபட்டன, அவற்றைக் கொண்டு மற்றவற்றைக் கண்டேன் என்ற கருத்தில் விடை சொன்னாராம்.

அது ஒரு மேதையின் ஊகம். எல்லாருக்கும் கைவராது. அல்-கிந்தீ செய்தது வேறு: யார் கையிலும் கொடுத்தால் பயன்படக்கூடிய ஒரு முறையை வகுத்தார்.

அந்த முறையைப் பாருங்கள். ஒருவர் கடிதம் எழுதுகிறார். அலிஃபுக்குப் பதில் ஒரு குறி, லாமுக்குப் பதில் இன்னொரு குறி என்று எல்லா எழுத்துக்களையும் மாற்றிவிடுகிறார். பார்ப்பவர்களுக்கு ஒன்றும் புரியாது. ஆனால் எழுத்தின் உடைதான் மாறியதே தவிர, அதன் நடை மாறவில்லை என்பதை அல்-கிந்தீ கண்டார். ஒவ்வொரு மொழியிலும் சில எழுத்துக்கள் அடிக்கடி வரும், சில அபூர்வமாக வரும். ஆகவே முதலில் அந்த மொழியில் மறைக்கப்படாத ஒரு நீண்ட எழுத்தை எடுத்து, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். பிறகு மறைவெழுத்தில் உள்ள குறிகளையும் அவ்வாறே எண்ணுங்கள். அங்கே முதலிடம் பெற்ற எழுத்துக்கும் இங்கே முதலிடம் பெற்ற குறிக்கும் முடிச்சுப் போடுங்கள், இரண்டாவதற்கு இரண்டாவது. இப்படிப் போனால் மறைவு தானே விலகத் தொடங்கும்.

சொல்வதோடு நிற்கவில்லை, தாமே எண்ணியும் காட்டினார். 3667 அரபு எழுத்துக்களை எண்ணியதில் அலிஃப் 600 முறையும் லாம் 437 முறையும் மீம் 320 முறையும் வந்ததாகப் பதிவு செய்திருக்கிறார். ஆறு எழுத்துக்கு ஒன்று அலிஃப்! நாம் ஆயுள் முழுதும் ஓதினாலும் இது நம் கண்ணில் படுவதில்லை.

அரபுத் தமிழ் அறிந்த முதியவர்கள் வீட்டில் இருந்தால் ஒரு நுட்பம் எளிதில் விளங்கும். நம் பாட்டிமார்கள் அரபு எழுத்தில் தமிழை எழுதினார்கள். அரபு மட்டும் தெரிந்த ஒருவர் அதை எடுத்து எண்ணினால் அரபுக்குரிய கணக்கு அங்கே பொருந்தாது. ஏனெனில் உள்ளே இருப்பது தமிழ். அல்-கிந்தீ இதனால்தான் மறைவெழுத்தின் மொழி எது என்பதை முதலில் அறிய வேண்டும் என்றார்.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதும் அவருக்குத் தெரியும். மறைவெழுத்து மிகச் சிறியதாயிருந்தால் கணக்கு தவறிப்போகும். அப்போது என்ன செய்வது? எந்த எழுத்து எதனோடு சேரும், எது எதனோடு சேராது என்று பார்க்க வேண்டும். அரபியில் ஸீனும் ஸாதும் ஒரு வேர்ச்சொல்லுக்குள் கூடுவதில்லை என்பது போன்ற விதிகளை அவர் அட்டவணையிட்டார். அதோடு கடிதங்களின் தொடக்கத்தில் வழக்கமாக வரும் பிஸ்மி போன்ற வாசகங்களையும் துணைக்குக் கொள்ளச் சொன்னார். மறைக்கும் முறைகளையும் கிளை கிளையாக வகைப்படுத்தினார்: எழுத்தை மாற்றுவது, எழுத்தின் இடத்தை மாற்றுவது, நடுவே பொருளற்ற எழுத்துக்களைச் செருகுவது என்று. கடைசியாகச் சொன்னது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். பெரியவர்களுக்குப் புரியக்கூடாதென்று எழுத்துக்கு எழுத்து 'க' சேர்த்துப் பேசுகிறார்களே, அதேதான்!

ஐரோப்பியர் இக்கலையை எழுதி வைத்தது 15-ஆம் நூற்றாண்டில். இத்தாலியர் ஆல்பர்ட்டி 1466 வாக்கில் எழுதிய நூலில் எழுத்துக் கணக்கு பேசப்படுகிறது. அல்-கிந்தீக்கும் அவருக்கும் ஏறத்தாழ அறுநூறு ஆண்டு இடைவெளி. இன்று கணிப்பொறிகளின் வழியே போகும் வங்கிக் கணக்கையும் செய்திகளையும் மறைத்து அனுப்பும் முறைகளில், எந்தக் குறியும் மற்றதைவிட அதிகமாக வராதபடி பார்த்துக்கொள்கிறார்கள். இல்லையேல் அல்-கிந்தீயின் எண்ணிக்கைக்கு அது அகப்பட்டுவிடும். பல்கலைக்கழகங்களில் இத்துறை மாணவர்களுக்குத் தொடக்கப் பாடங்களில் ஒன்று அந்த எண்ணிக்கைதான். இன்னொரு வேடிக்கை: இந்திய எண்முறையைப் பற்றி அரபியில் எழுதிய முன்னோடிகளில் ஒருவர் அல்-கிந்தீ. அந்த எண்முறையின் சுழியத்தை அரபிகள் 'ஸிஃப்ர்' என்றார்கள். அது ஐரோப்பா போய், 'சைஃபர்' என்று திரிந்து, மறைவெழுத்துக்கும் பெயராகிவிட்டது. நம் கடைக்காரர் கணக்கில் சொல்லும் 'சைபர்' அதே சொல்தான்.

அவரிடம் குறைகளே இல்லையா என்றால், இருந்தன. சோதிடத்தில் ஈடுபட்டார், மார்க்கம் அதை ஒப்புவதில்லை. ஆனால் இரசவாதம் செய்து பொன்னாக்கலாம் என்று மக்களை ஏய்த்தவர்களைக் கடுமையாகக் கண்டித்து எழுதியதும் இவர்தான். கஞ்சர்களைப் பற்றி நகைச்சுவையாக நூல் எழுதிய ஜாஹிஸ், வீட்டு வாடகையில் கறாரான ஒரு கிந்தீயைக் காட்டுகிறார். அவர் இவர்தானா என்பதில் அறிஞர்கள் ஒருமனப்படவில்லை. பகைவரை வெல்வதில் அவருக்கென்று ஒரு வழி இருந்தது. அபூ மஃஷர் என்பவர் அப்போது ஹதீஸ் கற்பவர். தத்துவத்தை வெறுத்து, அல்-கிந்தீக்கு எதிராகப் பாமரர்களைத் தூண்டிவிட்டார். இவர் பதிலுக்கு ஏசவில்லை. கணிதத்தின் சுவையை அவருக்குக் காட்டும்படி ஓர் ஆளை ஏற்பாடு செய்தார். அபூ மஃஷர் கணிதத்தில் நுழைந்து, கடைசியில் இவருடைய வட்டத்திலேயே சேர்ந்துவிட்டார்.

எல்லாரையும் அப்படி வெல்ல முடியவில்லை. மூஸாவின் மக்கள் என்று புகழ்பெற்ற முஹம்மது, அஹ்மது, ஹஸன் என்ற மூன்று சகோதரர்கள் கணிதத்திலும் இயந்திர நுட்பத்திலும் ஈடற்றவர்கள். கலீஃபா முதவக்கில் (847 - 861) விசைக் கருவிகளில் பிரியமுள்ளவர். எனவே அவர்களுக்கு அவையில் செல்வாக்கு ஓங்கியது. ஆனால் தம்மையொத்த அறிஞர் இன்னொருவர் அங்கே இருப்பதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. ஸனத் இப்னு அலீ என்ற வானியலாரைத் தந்திரமாக பக்தாதுக்கு அகற்றினார்கள். அல்-கிந்தீயைப் பற்றிக் கலீஃபாவிடம் கோள் மூட்டினார்கள். கலீஃபா அவரை அடிக்கச் செய்தார். அதோடு விட்டார்களா? அவருடைய நூல்கள் அனைத்தையும் அள்ளிச் சென்று, தனியிடத்தில் அடைத்து வைத்தார்கள். அந்த நூற்குவியலுக்கு 'கிந்தீயா' என்றே பெயர் வழங்கலாயிற்று. ஆயுள் முழுதும் எழுதியும் தேடியும் சேர்த்த ஏடுகள் போய், வெறுங்கையோடு நின்றார் அந்தப் பெரியவர்.

பிறகு நடந்ததை 13-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆ விரிவாகத் தருகிறார். ஸாமர்ராவுக்கு அருகே முதவக்கில் கட்டிய புது நகருக்கு ஒரு கால்வாய் வெட்டும் பொறுப்பு அச்சகோதரர்களிடம் வந்தது. அவர்கள் அதை அல்-ஃபர்கானீயிடம் விட்டார்கள். அவர் பெரிய வானியல் அறிஞர்தான். ஆனால் கணக்கு தவறிவிட்டது. கால்வாயின் வாய்ப்பகுதி மற்றப் பகுதியைவிட ஆழமாக அமைந்துவிட்டது. ஆற்றில் வெள்ளம் இருந்தாலன்றித் தண்ணீர் உள்ளே ஓடாது! செய்தி கலீஃபாவின் காதுக்கு எட்டியது. பிழை உண்மையானால் அந்தக் கால்வாய்க் கரையிலேயே சகோதரர்களைக் கழுவேற்றுவேன் என்று சூளுரைத்து, சோதித்துச் சொல்ல ஸனத் இப்னு அலீயையே வரவழைத்தார்.

யாரை விரட்டினார்களோ அவர் கையில் இப்போது அவர்களின் உயிர். ஓடிப்போய்க் காலில் விழுந்தார்கள். ஸனத் என்ன கேட்டார் தெரியுமா? தமக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. தமக்கும் அல்-கிந்தீக்கும் நட்பில்லை என்பது ஊரறிந்தது. ஆனாலும் நியாயம் நியாயமே, அவருடைய நூல்களைத் திருப்பிக் கொடுக்கும்வரை உங்களுக்காக வாய் திறக்க மாட்டேன் என்று கண்டிப்பாகக் கூறிவிட்டார். முஹம்மது இப்னு மூஸா எல்லா நூல்களையும் கொண்டுபோய் ஒப்படைத்து, கடைசி ஏடு வரை பெற்றுக்கொண்டேன் என்று அல்-கிந்தீயின் கைப்பட எழுதிய சீட்டையும் வாங்கி வந்து காட்டினார்.

அதன் பின்னர்தான் ஸனத் அவர்களைக் காப்பாற்ற முன்வந்தார். திஜ்லா நதி பெருகும் காலம் அது. நான்கு மாதம் வரை பிழை வெளியே தெரியாது என்று கணக்கிட்டு, கால்வாயில் குற்றமில்லை என்று கலீஃபாவிடம் சொல்லிவிட்டார். அது பொய்தான்; அதைச் சரி என்று நாம் சொல்ல மாட்டோம். நதி பெருகியது, தண்ணீர் ஓடியது. இரண்டு மாதங்களில், 861-ஆம் ஆண்டில், முதவக்கில் தம் காவலர்களாலேயே கொல்லப்பட்டார். அந்தச் சகோதரர்கள் உயிர் பிழைத்தார்கள்.

அல்-கிந்தீ எழுதியவற்றுள் கவலையைப் போக்கும் வழி பற்றிய நூல் ஒன்று உண்டு. அதை எப்போது எழுதினாரோ, படிக்கும்போது நூல்களை இழந்த இந்நிகழ்ச்சிதான் நமக்கு நினைவு வருகிறது. பிரியமானது கைவிட்டுப் போவதாலும் விரும்பியது கிடைக்காததாலும் வருவதே கவலை என்று அதில் சொல்கிறார். உரோம மன்னன் நீரோவுக்கு யாரோ அழகிய படிகக் கூடாரம் ஒன்றைப் பரிசளித்தார்களாம். மன்னன் மகிழ்ந்துபோக, அருகிலிருந்த ஞானி, இதுவரை உம்மிடம் இல்லாத ஒரு வறுமையை இது உண்டாக்கிவிட்டது, இது போனால் இனி இன்னொன்று கிடையாதே என்ற கருத்தில் பேசினாராம். பின்னர் அதை ஏற்றிச் சென்ற கப்பல் மூழ்கிப் போயிற்று. கப்பலில் போகும் பயணிகளைப் பற்றியும் ஓர் உவமை சொல்கிறார். வழியில் ஒரு தீவில் இறங்கியவர்களில் சிலர் பூவும் கல்லும் பொறுக்கிச் சுமந்து வந்து, கப்பலில் உட்கார இடமின்றித் தவிக்கிறார்கள். வெறுங்கையோடு திரும்பியவர்கள் வசதியாக அமர்கிறார்கள்.

முதுமையில் அவருக்கு முழங்காலில் நோய் கண்டது. மருந்தென்று பழைய மதுவை அருந்தி வந்தவர், பின்னர் அதிலிருந்து தவ்பாச் செய்து தேன்பானத்துக்கு மாறினார் என்றும், நோய் முற்றிவிட்டதால் அது பயன் தரவில்லை என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். கி.பி. 873 வாக்கில் பக்தாதில் காலமானார்.

ஸனத் மீட்டுக் கொடுத்த நூல்கள் அதற்குப்பின் காலத்தின் கையில் சிக்கின. பெரும்பாலானவற்றின் பெயர்தான் எஞ்சியது. மறைவெழுத்து நூலும் போய்விட்டது என்றே உலகம் எண்ணியிருந்தது. இக்கலையின் வரலாற்றை 1967-இல் பெருநூலாக எழுதிய அமெரிக்கர் டேவிட் கான், இதைப் பிறப்பித்தவர்கள் அரபிகளே என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அவருக்குச் சான்றாகக் கிடைத்தது 1412-இல் எகிப்தின் கல்கஷந்தீ முடித்த கலைக்களஞ்சியம்தான்.

அதே சமயம் இஸ்தான்புல்லில், சுலைமானிய்யாப் பள்ளிவாசலையொட்டிய நூலகத்தில், ஆயா ஸோஃபியாத் தொகுப்பின் 4832-ஆம் எண்ணுள்ள கையெழுத்துச் சுவடி இருந்தது. அல்-கிந்தீயின் தத்துவ நூல்கள் பல அதில்தான் பிழைத்திருந்தன. அவற்றை எடுத்து அபூ ரீதா என்ற பேராசிரியர் 1950 முதல் 1953 வரை கெய்ரோவில் பதிப்பித்தும் விட்டார். மறைவெழுத்து நூலும் அதே சுவடிக்குள்தான் இருந்தது. முஹம்மது மராயாத்தி, யஹ்யா மீர் அலம், ஹஸ்ஸான் அத்-தய்யான் என்ற மூன்று சிரிய அறிஞர்கள் அதை எழுத்தெழுத்தாக ஆராய்ந்து வெளியிட, டமாஸ்கஸ் அரபு மொழிக் கழகம் அதை 1987-இல் அச்சிட்டது. அலிஃப் 600, லாம் 437 என்ற கணக்கு அப்போதுதான் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது.